கர்த்தருடைய நாளில் பிறந்தநாளா? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: எங்கள் மகனுக்கு வருகிற ஜூன் 15 அன்று 11 வயது முடிகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அவன் பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். என் மாமனார் ஒரே பிடியாக நிற்கிறார். “கர்த்தருடைய நாளில் மனுஷனுக்கு விழாவா? வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் இரண்டே பேர், பார்வோனும் ஏரோதும். இரண்டு வீட்டிலும் உயிர் போனது” என்கிறார். மகன் அழுது ஓய்ந்து இப்போது தாத்தாவிடம் பேசுவதே இல்லை. கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். நடத்தலாம் என்றால், காலை நாலு மணிக்கு எழுந்து எல்லா வேலையையும் நானே முடித்துவிடுவேன், ஆராதனைக்குத்தான் கொஞ்சம் தாமதமாகும். என்ன செய்வது, அக்கா?

பதில்: முதலில் உங்கள் மாமனாரைப் பற்றி. அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ‘பிறந்தநாள் விருந்து’ என்று வேதாகமம் வெளிப்படையாக எழுதுவது அந்த இரண்டையும்தான். ஆதியாகமம் 40-ல் எகிப்து ராஜாவான பார்வோன் தன் ஊழியக்காரர் எல்லாருக்கும் விருந்து வைக்கிறான். பானபாத்திரக்காரனுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கிறது, இன்னொருவன் தூக்கில் தொங்குகிறான். மாற்கு 6-ல் ஏரோதின் விருந்தில் யோவான் ஸ்நானனின் தலை தட்டில் வருகிறது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் வேத அறிஞர் ஓரிகன் இதே இருவரைக் காட்டி, பரிசுத்தவான்களில் யாரும் தன் பிறந்தநாளைக் கொண்டாடியதில்லை என்று லேவியராகமப் பிரசங்கத்தில் பேசியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் உங்கள் மாமனாரின் வாதத்துக்கு 1700 வருஷத்துக்கு மேல் வயது.

ஆனால் அதே வேதத்தை இன்னும் கொஞ்சம் புரட்டலாம். யோபு முதல் அதிகாரத்தில் அவருடைய பிள்ளைகள் அவரவர் ‘தன்தன் நாளிலே’ விருந்து செய்து, மூன்று சகோதரிகளையும் அழைக்கிறார்கள். அந்த ‘நாள்’ பிறந்தநாள்தான் என்று எடுத்துக்கொள்கிற விளக்கவுரையாளர்கள் உண்டு. மூன்றாம் அதிகாரத்தில் யோபு சபிக்கிற ‘தன் நாள்’ அவர் பிறந்த நாள்தானே. அந்த விருந்துகளை யோபு தடுக்கவில்லை. முடிந்ததும் அதிகாலையில் எழுந்து பிள்ளைகள் ஒவ்வொருவருக்காகவும் பலி செலுத்துகிறார். உங்கள் மாமனாருக்குப் பார்வோனைவிட யோபுதான் பொருத்தமான ஆள் என்று எனக்குப் படுகிறது. பேரன் பேத்திகளுக்காக விடியற்காலையில் முழங்கால் போடுகிறவராகத்தான் அவரை உங்கள் கடிதத்தில் இங்கே அச்சிடாத வரிகளில் பார்த்தேன்.

இன்னொன்று. ஏரோதின் பிறந்தநாளில் வெட்டுப்பட்ட அதே யோவானைப் பற்றி, அவர் கருவில் உருவாகும் முன்பே தூதன் சகரியாவிடம் என்ன சொன்னான்? இவன் பிறப்பினிமித்தம் அநேகர் சந்தோஷப்படுவார்கள் என்றான். லூக்கா 1:14. ஒருவன் பிறந்ததற்காகப் பலர் சந்தோஷப்படுவது பரலோகத்துக்குப் பிடிக்காத காரியம் இல்லை என்பதற்கு எனக்கு இந்த ஒரு வசனம் போதும்.

அப்படியானால் ஏரோதின் வீட்டில் என்னதான் தப்பாகப் போனது? பொறுமையாக வாசித்துப் பாருங்கள். அவனுக்கு யோவானைக் கொல்ல மனசில்லை, வருத்தப்பட்டான் என்றே எழுதியிருக்கிறது. ஆனால் விருந்தில் நடனமாடிய பெண்ணிடம், எதைக் கேட்டாலும் தருவேன் என்று சத்தியம் செய்துவிட்டான், அவள் யோவானின் தலையைக் கேட்டாள், கூட உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்ன சொல்லை அவர்கள் முன்னால் விழுங்க முடியவில்லை. பிறந்தநாள் விருந்தில் பயப்பட வேண்டியது இதற்குத்தான், வந்தவர்களின் கண்ணுக்காக ஒன்றைச் செய்வதற்கு. இந்தக் கண்ணுக்குப் பயந்துதான் நம் வீடுகளில் சக்திக்கு மீறி ஏற்பாடு நடக்கிறது.

இனி, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். ‘காலை நாலு மணிக்கு எழுந்து நானே முடித்துவிடுவேன், ஆராதனைக்குத்தான் தாமதமாகும்.’ உங்கள் மாமனாரும் மகனும் போடுகிற சண்டையைவிட இந்த வரிதான் எனக்கு இரண்டு நாளாக மனசில் நிற்கிறது.

ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. யாத்திராகமம் 20-ல் தேவன் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது காரணம். உபாகமம் 5-ல் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினை, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும். அந்த ‘உன்னைப்போல’வை அழுத்தி வாசியுங்கள். யார் யார் ஓய வேண்டும் என்று அங்கே ஒரு பட்டியலே வருகிறது. நீ, மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, மற்ற மிருகங்கள், வாசலில் இருக்கிற அந்நியன். கழுதை வரைக்கும் வருகிறது. மனைவி தனியாக வரவில்லை. என் சின்ன வயதில் இதைப் பார்த்துவிட்டு, அப்போ அம்மாவுக்கு லீவே இல்லையா என்று கேட்டிருக்கிறேன். அந்த ‘நீ’ என்பதிலேயே அவளும் அடக்கம், வீட்டை நடத்துகிற இருவருக்கும் சேர்த்துச் சொன்னது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்: கட்டளையில் முதலில் நிற்கிற ஆள் நீங்கள். நீங்கள் நாலு மணிக்கு எழுந்து, முதல் பாட்டும் ஜெபமும் முடிந்த பிறகு ஆலயத்துக்கு ஓடி வந்து, பிரசங்கத்தில் தூங்கி விழுந்தால், ஓய்வுநாளை மீறியது மகனுடைய பிறந்தநாள் இல்லை. உங்களைத் தனியாக விட்ட குடும்பம்.

இதை உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு உரிமை உண்டு. என் மகளுக்கு ஒன்பது வயது முடிந்தது ஒரு ஞாயிறு. அன்றைக்கு ஞாயிறு பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சி, பொறுப்பு முழுக்க என் தலையில். விடிந்ததிலிருந்து கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவளுக்கு ஜடை பின்னியது யார் என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லாம் முடிந்து ஆலயம் காலியான பிறகு உள்ளே போனேன். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, ஒரு ஷூவின் நாடாவை அவிழ்ப்பதும் திரும்பக் கட்டுவதுமாக இருந்தாள். என்னைப் பார்த்ததும், “ஆயர் என் பேரை வாசிச்சாரும்மா, நீங்க உள்ளே இல்லை” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தகவல் சொல்வதுபோலச் சொன்னாள். அந்த நேரத்தில் நான் வெளியே நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன். கர்த்தருடைய வேலைதான் செய்தேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்ள எத்தனையோ முறை முயன்றுவிட்டேன், முடியவில்லை.

என் யோசனை இது. யூதர்கள் ஓய்வுநாளுக்கு முந்தின நாளை ‘ஆயத்தநாள்’ என்றே அழைத்தார்கள், சுவிசேஷத்தில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். நீங்களும் சனிக்கிழமையை ஆயத்தநாள் ஆக்குங்கள். செய்ய வேண்டிய அத்தனையும் சனிக்கிழமை இரவோடு முடியட்டும், முடியாதது வேண்டாம். கணவர் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு வீட்டை ஒழுங்குபடுத்தும் வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளட்டும், ‘உதவி’யாக அல்ல, அவர் வேலையாக. ஞாயிறு காலை முழு ஆராதனை. மகன் தாத்தா பக்கத்தில் உட்காரட்டும். சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் நண்பர்கள், கணக்கு அவன் எண்ணிக் கொடுக்கிற ஐந்தாறு பேரோடு நிற்கட்டும். பரிசு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டால் ஏரோதின் பந்தியில் பாதி குறைந்தது. தொடங்கும்போது ஜெபம் செய்ய மாமனாரைக் கூப்பிடுங்கள். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: இவன் பிறந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கே இருந்தார், யார் வந்து செய்தி சொன்னார்கள், முதலில் பார்த்தபோது என்ன தோன்றியது என்று பிள்ளைகள் முன்னால் அவர் சொல்லட்டும். வேண்டாம் என்கிற பெரியவரை வாதாடி ஜெயிக்க முடியாது. அவரிடம் மட்டுமே இருக்கிற ஒன்றைக் கேட்டால் வருவார்.

கேள்வி: (அதே கடிதத்தின் அடியில், பென்சிலில்) ஆன்ட்டி, இதுக்கு முன்னாடி என் பர்த்டே சண்டேல வந்ததே இல்லைன்னு அம்மா சொல்றாங்க. அடுத்தது எப்போ வரும்?

பதில்: தம்பி, உன் எழுத்து நன்றாக இருக்கிறது. அம்மா சொன்னது சரிதான். வருஷத்துக்கு 365 நாள். அதில் 52 வாரம் போனால் ஒரு நாள் மிச்சம். அதனால் பிறந்தநாள் வருஷத்துக்கு ஒரு கிழமை தள்ளிப் போகும். நடுவில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தாண்டும். நீ பிறந்தது 2014 ஜூன் 15. 2019-ல் உன் பிறந்தநாள் சனிக்கிழமை. அடுத்த வருஷம் ஞாயிறு வந்திருக்க வேண்டும். 2020 லீப் வருஷம் என்பதால் ஞாயிறைத் தாண்டித் திங்கட்கிழமையில் போய் விழுந்தது. அப்படித் தவறவிட்டதால்தான் 11 வருஷம் காத்திருந்தாய். அடுத்தது 2031, உனக்கு 17 வயது முடியும். பிறகு 2036-ல் 22, 2042-ல் 28. காலண்டர் இல்லாமல் நீயே ஒரு தாளில் போட்டுப் பார், சரியாக வரும். அப்புறம் தாத்தா பிறந்த வருஷத்தைக் கேட்டு, அவருக்கு எத்தனை பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது என்று கணக்குப் போட்டு அவரிடமே காட்டு. பேசாமல் இருக்காதே.

கேள்வி: கட்டளையில் இருப்பது ஏழாம் நாள், அதாவது சனிக்கிழமை. நாம் ஞாயிறு போகிறோம். கான்ஸ்டன்டைன் ராஜாதான் மாற்றினார் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: பாதிதான் உண்மை. கி.பி. 321-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாகச் சட்டம் போட்டார். நீதிபதிகளும் நகரத்து மக்களும் தொழிலாளிகளும் ஓய வேண்டும், விவசாயிகள் மட்டும் வேலை செய்யலாம் என்பது அந்தச் சட்டம். ஆனால் ஆராதனை அதற்கு முன்பே ஞாயிற்றில் நடந்தது. உயிர்த்தெழுந்த நாள் வாரத்தின் முதல் நாள். அப்போஸ்தலர் 20:7-ல் அந்த நாளில் அப்பம் பிட்கக் கூடினார்கள். ஏறக்குறைய 155-ல் ஆதி சபை எழுத்தாளர் ஜஸ்டின் மார்ட்டியர், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரே இடத்தில் கூடுகிறோம் என்று தெளிவாக எழுதுகிறார். ராஜா ஆராதனை நாளை உண்டாக்கவில்லை, அதற்கு விடுமுறை கொடுத்தார். சனிக்கிழமையே ஆராதிக்கிற சபைகளும் இன்று உண்டு. அவர்களோடு இதற்காக மல்லுக்கு நிற்க எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: கல்லூரி மாணவி நான். பிறந்தநாள் வரும் வாரத்தில் ஆராதனையில் பெயர் வாசித்து முன்னால் வரச் சொல்கிறார்கள். எல்லாரும் பார்க்கும்போது உடம்பு கூசுகிறது. போகாவிட்டால் அம்மா வருத்தப்படுகிறார்.

பதில்: உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து நில் அல்லது கண்ணை மூடி உட்கார்ந்தே இரு, மகளே. ஜெபம் பெஞ்சு வரைக்கும் வரும். ஆயரிடம் ஒரு வாரம் முன்பே நீயே சொல்லிவிடு. பெரும்பாலான ஆயர்கள் புரிந்துகொள்வார்கள். அம்மாவிடம் மட்டும் ‘வர மாட்டேன்’ என்று தொடங்காமல், ‘நீங்க என் கையைப் பிடிச்சுக்கோங்க, இங்கேயே நிற்கலாம்’ என்று சொல். அவருக்கு வேண்டியது மேடை இல்லை, நீ நன்றி சொல்வதைப் பார்ப்பதுதான்.

கேள்வி: நான் மருத்துவமனையில் நர்ஸ். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது டியூட்டி. போன மாதம் என் மகளின் பிறந்தநாள் ஞாயிறு வந்தது. ஆராதனையும் போச்சு, பிறந்தநாளும் போச்சு. ‘கர்த்தருக்கு முதலிடம் கொடுத்தால் லீவு தானாகக் கிடைக்கும்’ என்று ஒரு சகோதரி சொன்னது முள்ளாகக் குத்துகிறது.

பதில்: அந்தச் சகோதரிக்கு உடம்புக்கு முடியாமல் போகிற ஞாயிற்றுக்கிழமையில் உங்களைப் போன்ற ஒருவர்தான் பக்கத்தில் நிற்பார். அதற்கு மேல் அவரைப் பற்றி நான் பேசவில்லை.

உங்களுக்கு வேறொன்று சொல்ல வேண்டும். கான்ஸ்டன்டைன் சட்டம் வருவதற்கு முன், ஏறக்குறைய 300 வருஷம் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். விசுவாசிகளில் அடிமைகளும் உண்டு, அவர்களுக்கு ஏது விடுப்பு? ரோம அதிகாரி பிளினி, ஏறக்குறைய 112-ல், கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியும் முன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள் என்று பேரரசருக்கு எழுதினார். விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவர்கள் இருட்டில்தானே கூட முடியும். நீங்கள் ஆறு மணி ஷிஃப்டுக்கு முன் சமையலறை விளக்கடியில் நின்று ஒரு சங்கீதம் வாசித்தால், அது குறைந்த ஆராதனை இல்லை. சபையின் முதல் தலைமுறைகள் கும்பிட்ட நேரம் அது.

ஜஸ்டின் மார்ட்டியரைச் சற்று முன்பு சொன்னேன். அதே பகுதியில் அவர் எழுதுகிற ஒரு சின்ன விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். திருவிருந்து முடிந்ததும், வர முடியாதவர்களின் பங்கை உதவிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார்களாம். யார் வரவில்லை என்று கணக்கெடுத்துக் குறை சொல்ல இல்லை, பங்கு கொண்டுபோக. உங்கள் சபையில் இதை யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது.

மகளின் பிறந்தநாளுக்கு வருகிறேன். தேதி தவறிவிட்டது என்று கைவிடாதீர்கள். உங்களுக்கு லீவு கிடைக்கிற முதல் ஞாயிறை அவளுக்கென்று வையுங்கள். அன்று ஆலயத்துக்கு அவளோடு நடந்தே போங்கள், முடிந்தால். அவள் பிறந்த நேரம், அன்று நீங்கள் பட்ட பயம், பெயரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையெல்லாம் வழியில் சொல்லுங்கள். அதைக் கேட்டுக்கொண்டே நடந்து வந்த பிள்ளைக்கு அது எந்தத் தேதி என்பது பெரிதில்லை.

கேள்வி: எங்கள் மகள் இருந்திருந்தால் அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு அவளுக்கு 8 வயது. போய் இரண்டு வருஷம் ஆகிறது. பிறந்தநாள் ஜெபத்துக்கு மற்ற பிள்ளைகள் முன்னால் போய் நிற்கும்போது எங்களால் உட்கார முடிவதில்லை. ஒருவர் ஆறுதலாக, ‘பரலோகத்தில் பிறந்தநாள் கொண்டாடுகிறாள்’ என்றார். அதைக் கேட்டதிலிருந்து கணவர் அன்று ஆலயத்துக்கே வேண்டாம் என்கிறார். போகாமல் இருப்பது பாவமா?

பதில்: பாவம் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை மெதுவாக வாசியுங்கள்.

அந்த ஆறுதல் வார்த்தைக்குப் பழைய வேர் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னாவின் பிஷப் பாலிகார்ப் கொல்லப்பட்டபோது, அவர் இரத்தசாட்சியாக மரித்த நாளையே பிறந்தநாளாகக் கொண்டாடுவோம் என்று அவருடைய சபை எழுதி வைத்தது. அன்றிலிருந்து பரிசுத்தவான்களின் மரண நாளை அப்படி அழைக்கிற வழக்கம் வளர்ந்தது. ஆனால் பாலிகார்ப் 86 வருஷம் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்தேன் என்று தன் வாயால் சொன்ன கிழவர். அவருடைய மரணத்தைப் பிறந்தநாள் என்று அவருடைய சபை சொல்லலாம். ஆறு வயதில் போன பிள்ளையின் தாயிடம் இன்னொருவர் அதைச் சொல்லக் கூடாது. எப்போதாவது ஒரு நாள் உங்கள் வாயிலிருந்தே அது வந்தால் வரட்டும். வராவிட்டாலும் உங்கள் விசுவாசத்தில் குறை ஒன்றுமில்லை. எரேமியாவும் யோபுவும் தாங்கள் பிறந்த நாளையே சபித்தார்கள், அந்த வார்த்தைகளை யாரும் வேதத்திலிருந்து கிழித்துப் போடவில்லை.

எங்கள் வீட்டுப் பெரிய வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாளில் அப்பா பிள்ளைகளின் பெயர்களை எழுதி வைத்திருந்தார். ஒரு வரிக்கு ஒரு பெயர், பக்கத்தில் பிறந்த தேதியும் கிழமையும், எல்லாம் நீல மையில். மூன்றாவது வரியில் என் தம்பி. அவன் தேதிக்குப் பக்கத்தில் கறுப்பு மையில் இன்னொரு தேதி, 14 மாதம் தள்ளி. அந்த இடத்தில் மட்டும் தாள் கொஞ்சம் மெலிந்து, விரல் பட்டுப் பட்டு மஞ்சளாக இருக்கும். அவன் பிறந்தநாளில் அப்பா குடும்ப ஜெபத்தில் அந்த மூன்றாவது வரியையும் வாசிப்பார். பெயர், தேதி, கிழமை. அதோடு நிறுத்திவிடுவார். அம்மா ‘ஆமென்’ சொல்வார். விளக்கமோ வசனமோ கிடையாது. எனக்கு நினைவு தெரிந்து ஒரு வருஷமும் தப்பியதில்லை.

அடுத்த மாதம் அந்த ஞாயிறு போக முடியும் என்று தோன்றினால், பக்கவாட்டு வாசலை ஒட்டி உட்காருங்கள். பிறந்தநாள் ஜெபம் தொடங்கும்போது எழுந்து வெளியே போய் நிற்கலாம், முடிந்ததும் உள்ளே வரலாம். இதை முன்பே ஆயரிடம் சொல்லி வைத்தால் யாரும் பின்னால் வந்து விசாரிக்காமல் அவர் பார்த்துக்கொள்வார். உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும், மற்றப் பிள்ளைகளின் பெயர்களோடு இல்லாமல், சபை மன்றாட்டில் அவள் பெயரை ஒரு முறை சொல்லக் கேளுங்கள். பெயர் மட்டும். போக முடியாது என்று தோன்றினால் கணவரோடு வீட்டில் இருங்கள். அவரைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போக வேண்டாம். வேதாகமத்தைத் திறந்து அவள் பெயரை, தேதியை, கிழமையை வாசியுங்கள். எழுதி வைத்திருக்காவிட்டால் அன்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள்.

கடிதத்தில் அவள் பெயரை எழுதவில்லை. முடிந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள். இதழில் வராது. அந்த ஞாயிறு காலை என் தம்பியின் பெயரோடு சேர்த்து அதையும் வாசிப்பேன்.